திரையின் கீழே ஓடும் வரி

எங்கள் ஊர் கேபிள் சேனலில் செய்தி வாசிக்கும் பெண்ணைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். அவள் வெங்காயம் வாங்கினால்கூடப் பக்கத்தில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். என் தங்கையை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்துக்குக் கீழே சிவப்புப் பட்டையில் வரிசையாகச் செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதை எழுதுகிறவள் என் தங்கைதான். மின்சாரம் எப்போது நிற்கும், எந்தச் சாலையில் பாலம் வேலை நடக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் எந்த வகை ரத்தம் அவசரமாகத் தேவை என்பதெல்லாம் அவள் கையிலிருந்து வருவது. சலூனிலும் டீக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு அந்த வரியை மட்டும் படிக்கிறவர்கள் ஊரில் பாதிப் பேர்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனவன். தங்கையைப் பற்றிப் பெருமைப்படத்தான் இதை எழுதுகிறேன். அதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் நான் கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் ஒன்றாகக் குழப்ப மாட்டேன். குழப்பினால் முதலில் சண்டைக்கு வருகிறவள் அவளாகத்தான் இருப்பாள்.

சிறு வயதிலிருந்தே அவள் அப்படித்தான். அம்மா எதற்காவது, 'தெருவே திரண்டு வந்து சிரிச்சுது' என்று அலுத்துக்கொண்டால், யார் யார் வந்தார்கள் என்று கேட்பாள். வாங்கிக் கட்டிக்கொள்வாள். மறுநாளும் கேட்பாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். போனில் 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்று அவர் சொன்னால் எந்த மைல் கல் என்று இவள் கேட்பாள். போலீஸ்காரன்கூட இவ்வளவு கேட்பதில்லை என்று மாப்பிள்ளை என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார். ஆபீசில் அவளுக்கு 'கன்பர்ம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தத் தகவல் வந்தாலும், 'கன்பர்மா? யார் சொன்னாங்க?' என்று கேட்பதால் வந்த பெயர்.

அவள் வேலை செய்யும் இடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. குறுகலான படி. ஏறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். மேலே இரண்டு அறைகள். ஒன்றில் செய்தி வாசிக்கிறார்கள். மற்றதில் மூன்று கணினிகள், ஓயாமல் அடிக்கும் ஒரு போன், சுவர் ஓரமாக அடுக்கிய பழைய கேமராப் பெட்டிகள். ஏசி இருக்கிறது, இயந்திரங்களுக்காக. மனிதர்களுக்கும் கொஞ்சம் காற்று வந்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம். பகல் முறை என் தங்கைக்கு. மாலை முறைக்கு வருகிறவரைப் 'புயல்' என்பார்கள். போனைக் காதில் வைத்திருக்கும்போதே அவர் கை தட்டச்சு செய்து முடித்துவிடும். எதிர் சேனலை முந்தவேண்டும் என்பதில் அவ்வளவு வெறி. கெட்டவர் இல்லை.

இருவருக்கும் அடிக்கடி முட்டிக்கொள்வது ஒரு வார்த்தையில்: 'மர்மக் காய்ச்சல்'. மழைக்காலம் வந்தால் எல்லாச் சேனலிலும் அது வந்துவிடும். என் தங்கை பார்த்தால் விடமாட்டாள். 'காய்ச்சலுக்கு என்னங்க மர்மம்? ரத்தம் எடுத்திருக்காங்க, முடிவு வரல. அதை அப்படியே போடுங்க' என்பாள். 'அதை யார் படிப்பா?' என்பார் புயல்.

அந்த ஆபீசில் எழுதி வைக்காத ஒரு முறை உண்டு. ஒருவர் போட்ட வரியை இன்னொருவர் தொடுவதில்லை. அவரவர் வரி அவரவர் பொறுப்பு. அடுத்தவர் வரியில் கை வைத்தால் அவரை அவமதிப்பது போல. வாரக் கடைசியில் முதலாளி மொத்தமாகத் துடைத்துவிடுவார். அதுவரை பழையதும் புதியதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பாலம் வேலைக்கும் மின்தடைக்கும் இதனால் பெரிய கெடுதல் இல்லை. யாரும் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

அப்போதுதான் தொண்டை அடைப்பான் வந்தது.

குழந்தைகளுக்கு வரும் நோய். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கட்டி மூச்சை அடைக்கும். தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டிருந்தால் பெரும்பாலும் வராது. ஊசி விட்டுப்போன பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்கும். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. எங்கள் மகளுக்கே, பள்ளியில் சேருமுன் போடவேண்டிய ஊசி, அந்தச் சமயத்தில் சளி பிடித்திருந்ததால், விட்டுப்போயிருந்தது. அப்புறம் போடலாம், அப்புறம் போடலாம் என்று தள்ளிக்கொண்டே போனோம்.

ஒரு சிறுமி அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மாலை முறையிலிருந்த புயல் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி, சேர்க்கைப் பதிவில் இருந்த முகவரியைக் கேட்டு வாங்கி வரியைப் போட்டார்: தொண்டை அடைப்பானுக்குத் தண்ணீர்த் தொட்டித் தெரு சிறுமி பலி. எதிர் சேனலில் இது வருவதற்கு முன்பே எங்கள் சேனலில் ஓடிவிட்டது. முதலாளி அவர் தோளில் தட்டினாராம். அடுத்து இன்னொரு குழந்தையும் போய்விட்டது. சுகாதார அலுவலகம் இதுவரை இரண்டு பேர் என்று அறிக்கை கொடுத்தது. என் தங்கை அதை அப்படியே போட்டாள். முதல் வரி புயலுடையது என்பதால் அவள் அதைத் தொடவில்லை. ஆகவே திரையில் முதலில் ஒரு சிறுமி, அடுத்து இரண்டு பேர் என்று ஓடியது. பார்த்தவர்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டார்கள்.

அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு நாள் மதியம் சுகாதார நர்ஸ் சேனலுக்குப் போன் செய்தார். நகரத்துக்கே பொதுவாக மறுநாள் தடுப்பூசி முகாம், தண்ணீர்த் தொட்டித் தெருப் பள்ளிக்கூடத்தில், ஊசி விட்டுப்போன எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஒரு வரி போடச் சொன்னார். பேருந்து நிற்கும் இடம், பெரிய வகுப்பறைகள் என்பதால் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தங்கை எழுதி முடித்துத் திரையைப் பார்த்திருக்கிறாள். முகாம் வரிக்கு முன்னால் புயலின் வரி போகிறது. அந்தத் தெருவில் நோய், அந்தத் தெருவுக்கே வாருங்கள் என்று அடுத்தடுத்து.

முகாமை வேறு இடத்துக்கு மாற்ற முடியாதா என்று அவள் நர்ஸிடம் கேட்டாள். அதற்கு நர்ஸ் சொன்ன பதிலை அவள் என்னிடம் இரண்டு முறை சொன்னதால் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எதுக்கும்மா மாத்தணும்? அந்தப் பொண்ணு அந்தத் தெருவே இல்லையே. ஊருக்கு வெளியில செங்கல் சூளை ஷெட்டுல இருந்த புள்ள. பெத்தவ இல்ல, தூக்கிட்டு வந்த தொட்டித் தெரு அம்மா, சீட்டு போடுற அவசரத்துல தன் வீட்டு விலாசத்தைக் குடுத்திருக்கு. எங்க ஆளுங்க முதல்ல இருந்தே சூளையிலதான் ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க. நீங்கதான் தெருவை மாத்தல."

தங்கை அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்தாள். தண்ணீர்த் தொட்டித் தெருவில் யாருக்கும் இந்த நோய் இல்லை என்று அவர் சொன்னார். பிறகு முறையை மீறிப் புயலின் வரியை எடுத்துவிட்டு அவருக்குப் போன் செய்து சொன்னாள். பதிவில் இருந்ததைத்தானே போட்டேன் என்று அவர் குரலை உயர்த்தினார். அதுவும் உண்மைதான். அவர் எதையும் கற்பனை செய்யவில்லை. ஒரு பதிவைப் பார்த்தார், இன்னொரு இடத்தில் கேட்கவில்லை.

வரி போய்விட்டது, வேலை முடிந்தது என்றுதான் அவளும் நினைத்து வீட்டுக்கு வந்தாள். நாங்கள் கீழ்வீட்டில், அவள் மாடியில். வந்தவள் நேரே எங்கள் சமையலறைக்குப் போய், நாளைக்குக் காலையில் பாப்பாவை முகாமுக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னாள். நான் கூடத்தில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் நடந்தது என் காதால் கேட்டது.

"எங்க, அந்தத் தொட்டித் தெருவுக்கா?" என்றாள் என் மனைவி. "எனக்கென்ன பைத்தியமா? மூணு புள்ளைங்க போயிருக்கு அங்க."

"மூணு இல்ல அண்ணி, ரெண்டு. அந்தத் தெருவும் இல்ல."

"உன் டிவியிலதானே பார்த்தேன்."

"அதை மத்தியானமே எடுத்தாச்சு."

"எடுத்தீங்களா? எடுத்துட்டோம்னு எங்க ஓடுச்சு?" என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஓடினதைப் பார்த்தேன். ஓடாததை நான் எப்படிம்மா பார்ப்பேன்?"

தங்கை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். அவள் முகத்தைப் பார்த்து, வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்டேன். எடு என்றாள்.

வழியில் ஒரே ஒரு விஷயம்தான் பேசினாள். சொந்த அண்ணியே போகமாட்டேன் என்கிறாள், ஊரில் எவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாள் என்றாள். ஊசி விட்டுப்போன பிள்ளைகள் நாளைக்கு வராவிட்டால் அடுத்த வரியில் எத்தனை பேர் என்று தானே எழுதவேண்டி வரும் என்றாள். அழவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

டயர் கடை மூடும் நேரம். மேலே முதலாளி இருந்தார், புயலும் இருந்தார். நான் படிப்பக்கம் நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. அவள் கேட்டது இதுதான்: தவறாகப் போட்டோம் என்று சேனல் பெயரிலேயே ஒரு வரி ஓடவேண்டும், எது தவறு என்பதும் அதில் இருக்கவேண்டும்.

முதலாளி பொறுமையாகத்தான் பேசினார். இத்தனை வருடத்தில் சேனல் ஒருதரம்கூட அப்படிப் போட்டதில்லை, எதிர் சேனல்காரன் அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவான், கடைக்காரர்கள் விளம்பரம் கொடுக்க யோசிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வேண்டுமானால் 'வருந்துகிறோம்' என்று மட்டும் போடலாம் என்றார். எதற்கு வருந்துகிறோம் என்று தெரியாமல் யாருக்கு என்ன பயன் என்று அவள் கேட்டாள்.

"எடுத்தாச்சு இல்ல, விடும்மா," என்றார் அவர். "நம்ம தப்பை நாமளே தண்டோரா போடணுமா?"

"தெரு பேரைத் தண்டோரா போட்டுத்தானே சார் சொன்னோம். இதை மட்டும் ஏன் காதோட காதா சொல்லணும்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் விடவில்லை.

"நாளைக்கு அந்த முகாம் காலியா கிடக்கும் சார். அதையும் நாமதான் போடணும். மக்கள் வரலைன்னு போடுறதா, நம்மாலதான் வரலைன்னு போடுறதா? நீங்களே சொல்லுங்க, அப்படியே அடிக்கிறேன்."

அதுவரை அவளுக்கு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்த புயல்தான் முதலில் வாயைத் திறந்தார். அவள் எழுதி வைத்திருந்த திருத்தத்தைப் படித்துப் பார்த்து, இது ஆகாது என்றார். மறுபடி தகராறு என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது வேறு.

"இவ்வளவு நீளமா போட்டா பாதியில கண்ணு படுறவனுக்குத் தெரு பேரும் வியாதி பேரும் மட்டும்தான் தெரியும். மறுபடி அதே கதை. சின்னதா உடைங்க. ஒவ்வொண்ணுலயும் முதல் வார்த்தையே நம்ம தப்புன்னு இருக்கட்டும்."

அது தனக்குத் தோன்றவில்லை என்று தங்கை ஒப்புக்கொண்டாள். இருவரும் ஒரே கணினி முன் உட்கார்ந்தார்கள். 'எங்கள் தவறு: தண்ணீர்த் தொட்டித் தெருவில் தொண்டை அடைப்பான் இல்லை.' 'எங்கள் தவறு: உயிரிழப்பு மூன்று அல்ல, மொத்தம் இரண்டு.' அதற்குப் பின்னால் முகாம் வரி. முதல் வரியிலேயே தங்கை நின்றுவிட்டாள். 'இல்லை' என்று எப்படிச் சொல்வது, இன்று இல்லை என்றுதானே டாக்டர் சொன்னார் என்றாள். புயல் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் 'இன்றுவரை யாருக்கும் இல்லை' என்று ஆனது. முதலாளி இரண்டு தரம் படித்துவிட்டு, நாளை முகாம் முடியும் வரை ஓடட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் காலையில் என் மனைவி டிவி முன்னால் நின்றபடியே பாப்பாவுக்குத் தலை வாரினாள். வரி இரண்டு சுற்று போகும்வரை பார்த்தாள். அப்புறம் என்னிடம், "எங்கள் தவறுன்னு டிவியில போட்டு இன்னைக்குத்தாங்க பாக்குறேன். கிளம்புங்க," என்றாள். நான் பட்டறைக்கு அரை நாள் லீவு சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் போனபோது கூட்டம் என்று சொல்ல முடியாது. வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். மேசையில் ஊசி மருந்து வைத்த குளிர்ப்பெட்டி. நர்ஸ் சும்மா உட்கார்ந்து பஞ்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு தாத்தா தன் பேரனோடு, அவ்வளவுதான். பாப்பா ஊசியைப் பார்த்ததும் அத்தைதான் போட்டுக்கொள்ளட்டும் என்று எங்களோடு வந்திருந்த என் தங்கையைக் கை காட்டினாள். நர்ஸ் சிரித்துவிட்டார். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு கதை கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டாகிவிட்டது.

தங்கை வேலைக்குப் போகும் முன் நிலவரம் பார்க்க வந்திருந்தாள். மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள், பேருந்திலிருந்து இறங்கி, வாசலில் நின்று கொஞ்சம் யோசித்து, பிறகு உள்ளே. ஆனால் எதிரே இருக்கும் வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. அந்தத் தெருப் பெண்கள் தங்கள் வாசலிலேயே நின்று இறுகிய முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளை மற்றப் பள்ளிகளில் திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்று நர்ஸ் சொன்னார்.

அவர்களில் ஒருத்தி தெருவைக் கடந்து வந்தாள். இஸ்திரி கடைக்காரம்மா. செங்கல் சூளைச் சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான் என்று நர்ஸ் தாழ்ந்த குரலில் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"டிவிக்காரங்க வந்திருக்கீங்களாமே. யாரு?"

நான் முன்னால் போகப் பார்த்தேன். தங்கை என்னை ஒதுக்கிவிட்டு, "நான்தாம்மா," என்றாள்.

"ஒரு வாரமா ஒரு துணி வரல கடைக்கு. குடுத்த துணியையும் தேய்க்க வேணாம்னு திருப்பி வாங்கிட்டுப் போறாங்க. சாகக் கிடந்த புள்ளையைத் தூக்கிட்டு ஓடினேன். அதுக்கு இதான் பரிசா?"

"தப்பு எங்களோடதும்மா. உங்க மேல ஒண்ணும் இல்ல. இப்ப டிவியில ஓடுது."

"பார்த்தேன், பார்த்தேன். எத்தனை நாளைக்கு ஓடும்? மத்தியானச் சாப்பாடு வரைக்குமா?"

முகாம் முடியும் வரைதான் என்பது எனக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"தப்பு எத்தனை நாள் ஓடுச்சோ, இதுவும் அத்தனை நாள் ஓடும்," என்றாள் தங்கை.

"கையில இருக்கா உனக்கு அது?"

"இன்னும் இல்ல. வாங்கிட்டு வந்துடுவேன்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்லத் தெரியவில்லை. "பார்க்கத்தானே போறேன்," என்று மட்டும் சொன்னாள். பிறகு திரும்பி, எதிர்வீட்டு வாசல்களைப் பார்த்து, புள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்கடி, மருந்து என்ன பண்ணுச்சு நம்மளை என்று குரல் கொடுத்தாள். முதலில் ஒருத்தி வந்தாள். அப்புறம் நர்ஸுக்குப் பஞ்சைப் பிய்க்க நேரமில்லை.

தங்கை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவள் ஏற்கெனவே பேருந்து நிறுத்தத்தில் இருந்தாள்.

ஆபீசில் என்ன நடந்தது என்பதைப் புயல் சொல்லித்தான் கேட்டேன். முகாமில் கூட்டம் வந்துவிட்டது, இனி எதற்கு என்று முதலாளி கேட்டாராம். எதிர் சேனல்காரர்கள் நினைத்தபடியே அந்த வரியைப் படம் பிடித்து அனுப்பி, 'உங்கள் தவறு எங்கள் சிரிப்பு' என்று எழுதியிருந்தார்கள். அதையும் அவர் அவளுக்குக் காட்டினாராம். அவள் அதைப் படித்துவிட்டு, அவர்கள் சேனலில் இன்னும் மூன்று பேர் என்றுதான் ஓடுகிறது, நாளைக்கு அவர்களும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றாளாம். அந்தத் தெருவில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், வரியை எடுப்பதாக இருந்தால் நீங்களே போய் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாளாம். புயல் குறுக்கே புகுந்து, முதலில் அந்தத் தவறான வரியைப் போட்டவன் நான், எடுப்பதாக இருந்தால் என்னையும் கேட்டுவிட்டு எடுங்கள் என்றாராம். இதை அவரே சொன்னதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் தங்கையும் மறுக்கவில்லை.

வரி ஓடியது. முறை மாறும்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஓடுகிற எல்லாவற்றையும் ஒருதரம் படித்து, பழசானதை அழித்துவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும் என்று முதலாளியே ஒரு ஏற்பாடு செய்தார். யார் வரி என்று பார்ப்பதில்லை. முதல் நாளே புயல் தங்கையின் இரண்டு வரிகளை எடுத்தார். அவளுக்குக் கொஞ்சம் கோபம். சொல்லவில்லை.

நோய் அதோடு நிற்கவில்லை. சூளைப் பக்கமிருந்து இன்னும் சில பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், மருந்து ஏற்றிப் பிழைத்தும் போனார்கள். அதையும் தங்கை ஒவ்வொரு நாளும் எழுதினாள்: எத்தனை பேர் சிகிச்சையில், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எது உறுதியானது, எதற்கு இன்னும் முடிவு வரவில்லை. மறு முகாம் பற்றிய வரியும் கூடவே ஓடியது.

திருத்தம் ஓடிய கடைசி நாளில் நான் பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்தேன். எல்லோரும் அதைப் பல தடவை படித்துச் சலித்திருந்தார்கள். இதே வரியை எத்தனை நாளைக்குத்தான் போடுவான்கள், சேனலை மாற்றுப்பா என்று ஒருவர் கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் ரிமோட்டைத் தேடினார். அந்த அம்மாவின் தெருப் பெயர் சிவப்புப் பட்டையில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அது முழுதாக ஓடி முடியட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.